தேய்த்துக்கொண்டே இருந்தும் பளபளக்காத அலுமினியம்... பழைய பிக்கப் டிரக்கில் ஒளிந்திருக்கும் கெமிஸ்ட்ரி!

ரீல்ஸில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வீடியோ வகை உண்டு. அமெரிக்காவில் ஏதோ ஒரு கொட்டகையிலிருந்து 50 வருஷத்துக்கு முந்தைய பிக்கப் டிரக் ஒன்றை இழுத்து வருவார்கள். துரு, தூசி, சீட்டுக்குள் எலிக்கூடு. முப்பதே விநாடியில் அது ஷோரூம் வண்டியாக மாறி நிற்கும். அதில் பார்க்கவே திருப்தியாக இருப்பது, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் வெள்ளி நிற பீடிங்கைத் துடைக்கும் காட்சிதான். சாம்பல் பூத்துக் கிடந்த பட்டையைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்ததும் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னும்.

நிஜத்தில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நல்ல மெட்டல் பாலிஷ் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேய் தேய் என்று தேய்த்தாலும் பட்டை அதே மங்கலோடு முறைத்துக்கொண்டிருக்கும். கை வலிதான் மிச்சம். கோபத்தில் இரும்பு நாரை எடுத்தால் கதை முடிந்தது, கீறல் விழுந்த மங்கல் பட்டைதான் கிடைக்கும்.

காரணம் சிம்பிள். அந்த மங்கல் அழுக்கு இல்லை. நீங்கள் தேய்த்துக்கொண்டிருப்பது அலுமினியமும் இல்லை. தொழிற்சாலையில் வேண்டுமென்றே வளர்க்கப்பட்ட வேறொரு பொருளை. அது என்ன, அதை நீக்கலாமா, நீக்கினால் பிறகு என்ன ஆகும் என்பது தெரியாமல் கை வைத்தால், அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்த ஒரிஜினல் பாகம் ஒரே மதியத்தில் காலி.

உழைக்கிற வண்டிக்கு எதற்கு அலங்காரம்?

இந்த மாதிரி வீடியோக்களில் அதிகம் தென்படும் வண்டிகளில் ஒன்று, 1967 முதல் 1972 வரை வெளிவந்த தலைமுறையைச் சேர்ந்த செவ்ரோலே சி/10. அதுவரை பிக்கப் என்றால் பண்ணைக்கும் கட்டட வேலைக்கும் போகும் வண்டி. வைக்கோல் ஏற்றலாம், செங்கல் ஏற்றலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போக கார் இருக்கும்.

1960களில் அந்தக் கோடு அழியத் தொடங்கியது. வீட்டுக்கு ஒரே வண்டியாக, தினசரி ஓட்டுவதற்கே பிக்கப் வாங்கினார்கள். 1967ல் செவ்ரோலே 'கஸ்டம் ஸ்போர்ட் டிரக்' என்று ஒரு உயர்ரக மாடலைக் கொண்டுவந்தது. 1971ல் அதற்கும் மேலே 'ஷையன்' வந்தது. உள்ளே கார் மாதிரி சீட், வெளியே பளபளா. அந்தப் பளபளாவில் பெரும்பங்கு அலுமினியம். கதவின் பக்கவாட்டுப் பட்டைகள், பின் கதவை மூடும் அகலமான தகடு, முன் கிரில்லின் சட்டம் என்று பல இடங்களில்.

பம்பருக்குப் போட்ட அதே குரோமியம் முலாமை இங்கேயும் போட்டிருக்கலாமே? போடலாம். ஆனால் எஃகுக்கு முலாம் பூசுவது பல அடுக்கு வேலை, கனமும் அதிகம், முலாம் விட்டுப்போன இடத்தில் துரு பிடிக்கும். அலுமினியத் தகட்டை வேண்டிய வடிவத்துக்கு ஈஸியாக அழுத்திவிடலாம். லேசானது. இரும்பு மாதிரி செந்துரு கக்காது. இதற்கென்றே, கொஞ்சம் மெக்னீசியம் சேர்த்து, இரும்பும் சிலிக்கானும் மிகக் குறைவாக இருக்கும்படி 5457, 5657 போன்ற எண்களில் தனிக் கலவைகளே தயாராயின. அவற்றின் ஒரே வேலை, அழகாக மின்னுவது.

அலுமினியத்துக்கு மேல் ஒரு சட்டை

அலுமினியம் காற்றைத் தொட்ட மறுகணமே ஆக்சிஜனோடு சேர்ந்து தன்மேல் ஒரு தோலை உருவாக்கிக்கொள்ளும். சில நானோமீட்டர் தடிமன்தான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது மூடிவிட்டால் உள்ளே இருக்கும் உலோகத்துக்கு ஆக்சிஜன் போகாது. இரும்பின் துரு செதில் செதிலாக உதிர்ந்து அடுத்த அடுக்கைத் திறந்துவிடும். அலுமினியத்தின் ஆக்சைடு உதிராமல் ஒட்டிக்கொண்டு காவல் காக்கும்.

இயற்கையே தரும் இந்தத் தோலை, மின்சாரம் கொடுத்துத் தடிமனாக வளர்ப்பதுதான் அனோடைசிங். 1923ல் பிரிட்டனில், கடல் விமானங்களின் அலுமினியக் கலவைப் பாகங்களை உப்புத் தண்ணீரிடமிருந்து காப்பாற்ற குரோமிக் அமிலத்தில் செய்து பார்த்தார்கள். 1927ல் கந்தக அமில முறை காப்புரிமை பெற்றது. இன்றைக்கும் உலகத்தில் பெரும்பாலும் நடப்பது இந்தக் கந்தக அமில முறைதான்.

டிரக் பீடிங்குக்கு நடந்தது இதுதான். முதலில் பாஸ்பாரிக், நைட்ரிக் அமிலக் கலவையில் முக்கி, மேற்பரப்பைக் கண்ணாடி மாதிரி ஆக்குவார்கள். பிறகு கந்தக அமிலத் தொட்டியில் நேர்மின்வாயாக மாட்டி மின்சாரம் பாய்ச்சுவார்கள். மேற்பரப்பு அலுமினியமே ஆக்சைடாக மாறி, சில மைக்ரான் முதல் 10 மைக்ரான் வரை வளரும். அதில் தேன்கூடு மாதிரி நுண்துளைகள் இருக்கும். கடைசியில் கொதிக்கும் நீரில் வைத்தால் துளைகள் அடைபட்டுவிடும்.

இது பெயின்ட் மாதிரி மேலே பூசியது அல்ல, உலோகத்திலிருந்தே முளைத்தது. அதனால் உரியாது. அதோடு செம கடினம். மாணிக்கம், நீலக்கல் இரண்டும் அடிப்படையில் இதே அலுமினியம் ஆக்சைடுதான் என்றால் புரிந்துவிடும். உங்கள் மெட்டல் பாலிஷ் தோற்றுப்போவது இங்கேதான். மென்மையான உலோகத்தைத் தேய்ப்பதற்காகச் செய்த பேஸ்ட், இவ்வளவு கடினமான சட்டையை அசைக்காது.

அவ்வளவு கடினமானது ஏன் மங்கியது?

கடினத்தன்மை வேறு, ரசாயனத்தைத் தாங்குவது வேறு. இந்த ஆக்சைடு சட்டை பிஎச் அளவு சுமார் 4 முதல் 8.5 வரை உள்ள சூழலில்தான் பத்திரமாக இருக்கும். அதற்குக் கீழே போனாலும் கரையும், மேலே போனாலும் கரையும். கடுமையான காரம் கலந்த சோப்புகளால் வருஷக்கணக்காகக் கழுவினால் மெல்ல மெல்ல அரிக்கும்.

மிச்சீகன், ஒஹாயோ போன்ற வடக்கு மாகாணங்களில் இன்னொரு வில்லன், குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, சட்டையில் சின்ன ஓட்டை கிடைத்தாலும் உள்ளே புகுந்து குழி தோண்டும். அந்தக் குழியிலிருந்து வெள்ளைப் பொடி மாதிரி வெளியே பூக்கும். பட்டையைப் பிடித்திருக்கும் கிளிப் எஃகு என்றால் இன்னும் மோசம். ஈரத்தில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யும், அதில் கரைந்துபோவது அலுமினியம். அதனால்தான் பழைய பீடிங்குகளில் கிளிப் இருந்த இடத்தில் மட்டும் வரிசையாகப் புள்ளி வைத்த மாதிரி அரிப்பு தெரியும்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று ஸ்க்ரோல் செய்துவிட வேண்டாம். புது அபார்ட்மென்ட்டுக்குக் குடிபோனவர்கள் அலுமினிய ஜன்னல் சட்டத்தைப் பாருங்கள். பூச்சு வேலையின்போது சிமென்ட் தெறித்த இடத்தில் எவ்வளவு துடைத்தாலும் போகாத வெண்திட்டுகள் இருக்கும். சிமென்ட் கடும் காரம். கறை ஒட்டியிருக்கவில்லை, அங்கே சட்டையே கரைந்துவிட்டது. அம்மாவின் அலுமினிய வாணலியை டிஷ்வாஷரில் போட்டதும் கறுத்து வெளியே வருவதும் ஏறக்குறைய இதே காரக் கூத்துதான்.

முதலில் காந்தத்தை எடுங்கள்

எதையும் தேய்ப்பதற்கு முன், உங்கள் கையில் இருப்பது என்ன என்று தெரிந்தாக வேண்டும். காசு செலவில்லாத சோதனைகள் இருக்கின்றன.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பட்டையில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய எஃகு. பழைய அம்பாசடரின் பம்பர் இந்த ரகம். அதற்கு இந்தக் கட்டுரை உதவாது, முக்கியமாகக் கீழே வரும் ரசாயனம் எதுவும் ஆகாது. ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம், சில வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருக்கலாம். கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் கனத்திலேயே வித்தியாசம் தெரியும். எஃகின் அடர்த்தி அலுமினியத்தைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அடுத்தது மல்டிமீட்டர். எலெக்ட்ரீஷியன் வைத்திருப்பாரே, வயரில் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் கருவி, அதேதான். இரண்டு முனைகளையும் பட்டையின் மேற்பரப்பில் லேசாக வையுங்கள், குத்த வேண்டாம். வெறும் அலுமினியம் என்றால் பீப் கேட்கும். அனோடைஸ் சட்டை மின்சாரத்தைக் கடத்தாது, மீட்டர் சும்மா இருக்கும். ஒரே பட்டையில் சில இடத்தில் பீப், சில இடத்தில் மௌனம் என்றால் சட்டை கிழிந்து கிழிந்து நிற்கிறது என்று அர்த்தம். ஒரு சின்ன எச்சரிக்கை: மேலே தெளிவான வார்னிஷ் அடித்திருந்தாலும் மீட்டர் மௌனம்தான் சாதிக்கும்.

மீட்டர் இல்லையா? ஓரத்தில் கட்டைவிரல் அளவு இடத்தில் மெட்டல் பாலிஷைத் தேயுங்கள். துணி உடனே கறுத்தால் வெறும் அலுமினியம் வெளியே இருக்கிறது. ஐந்து நிமிடம் தேய்த்தும் துணி சுத்தமாக இருந்தால் சட்டை இன்னும் இருக்கிறது.

நம்ம ஊரில் இந்தச் சோதனை அதிகம் உதவப்போவது பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு. இன்ஜினின் பக்கவாட்டு மூடிகள் பெரும்பாலும் பாலிஷ் செய்த அலுமினிய வார்ப்புகள். துணி கறுத்தால் சந்தோஷப்படுங்கள், உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். நேராகப் பாலிஷுக்குப் போகலாம்.

சட்டை நன்றாக இருந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

டிரக் பட்டைக்கு வருவோம். சட்டை முழுசாக இருக்கிறது, லேசான மங்கல் மட்டும்தான் என்றால் என் ஓட்டு: நீக்காதீர்கள். பிஎச் நடுநிலையான கார் ஷாம்பூ, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான துணி. பிடிவாதமான படலம் இருந்தால் காரின் பெயின்ட்டுக்குப் போடும் மிக மென்மையான பாலிஷ், கடைசியில் வாக்ஸ். 100 சதவீதக் கண்ணாடி கிடைக்காது. 80 கிடைக்கும். ஆனால் அந்த 80ஐத் தக்கவைக்க வருஷத்துக்குச் சில தடவை கழுவினாலே போதும்.

சட்டையைக் கழற்றிய அலுமினியத்துக்கு அந்த வசதி கிடையாது. அன்றைக்கு அசத்தலாக இருக்கும், கவனிக்காமல் விட்டால் சில மாதங்களில் மங்கும். கடற்கரை ஊர் என்றால் இன்னும் சீக்கிரம். ரீல்ஸ் 30 விநாடியில் முடிந்துவிடுவதால் அந்த ஆறாவது மாதத்தை யாரும் காட்டுவதில்லை.

அமெரிக்காவில் பழைய வண்டிப் பிரியர்களிலேயே ஒரு கூட்டம், வயதான தோற்றத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறது. மங்கிய பெயின்ட், தேய்ந்த எழுத்து, பண்ணை வேலையில் விழுந்த கீறல் எல்லாமே வண்டியின் சரித்திரம் என்பது அவர்கள் வாதம். மங்கிய டிரக்கில் பீடிங் மட்டும் ஜொலித்தால், பழைய சுவரில் புது சுவிட்ச்போர்டு மாதிரித் துருத்திக்கொண்டு தெரியும் என்பதும் உண்மைதான்.

சட்டையைக் கழற்றும் வேலை: இங்கேதான் ஆபத்து

சட்டை கிழிந்து, திட்டுத்திட்டாகி, வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. இனி வேறு வழியில்லை. முழுசாக நீக்கிவிட்டு உலோகத்தில் இருந்து தொடங்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தே நீக்கலாம், ஆனால் கடினமான இடத்தில் தாள் வழுக்கும், வெறும் உலோகம் இருக்கும் இடத்தில் பள்ளம் விழும். தகடே ஒரு மில்லிமீட்டருக்குள்தான். அதனால் பெரும்பாலானவர்கள் ரசாயனத்துக்குப் போகிறார்கள்.

அந்த ரசாயனம் சோடியம் ஹைட்ராக்சைடு. நம்ம ஊரில் காஸ்டிக் சோடா. அடைத்துக்கொண்ட பாத்ரூம் குழாயில் கொட்டுவது, வீட்டில் சோப்பு செய்பவர்கள் வாங்குவது எல்லாம் இதுதான். அமெரிக்காவில் ஓவன் சுத்தம் செய்யும் ஸ்பிரேயை அடிப்பார்கள், அதிலும் வீரியமான ரகங்களில் இருப்பது இதே சரக்கு.

இது முதலில் ஆக்சைடு சட்டையைக் கரைக்கும். சத்தமே இருக்காது. சட்டை தீர்ந்து வெறும் உலோகத்தைத் தொட்டதும் பொங்கப் பொங்க நுரை கிளம்பும். அந்த நுரைதான் சிக்னல்: சட்டை போய்விட்டது, இனி தின்னப்படுவது உங்கள் ஒரிஜினல் பாகம். உடனே எடுத்துக் கழுவ வேண்டும். "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்" என்று விட்டால் மேற்பரப்பு சொரசொரத்துப் போகும், மெல்லிய ஓரங்கள் காணாமலே போகலாம்.

நுரையில் கிளம்பும் வாயு ஹைட்ரஜன். தீப்பற்றும். அதனால் வேலை திறந்தவெளியில்தான். பக்கத்தில் சிகரெட், அடுப்பு, பொறி பறக்கும் கிரைண்டர் எதுவும் கூடாது. மூடிய டப்பாவில் அலுமினியத்தையும் காஸ்டிக்கையும் போட்டு மூடினால் அது வெடிக்கத் தயாரான குண்டு. கரைசல் வைக்கப் பிளாஸ்டிக் தொட்டிதான். அலுமினியப் பாத்திரத்தை எடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கலக்கும்போது தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் கொதித்து முகத்தில் தெறிக்கும். நிறையப் போட்டால் சீக்கிரம் முடியும் என்ற கணக்கும் வேண்டாம். தொழிற்சாலைகளிலேயே அலுமினியத்தை அரிக்க 5 சதவீதம் போன்ற கரைசல்தான் சாதாரணமாகப் பயன்படுகிறது. முழங்கை வரை ரப்பர் கையுறை, பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, ஷூ. ஹவாய் செருப்போடு இந்த வேலைக்கு உட்காராதீர்கள்.

தோலில் பட்டால் சோப்பு மாதிரி வழவழப்பாகத் தெரியும். அது உங்கள் தோலின் கொழுப்பு சோப்பாக மாறிக்கொண்டிருப்பதன் வழவழப்பு. நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், காயத்தின் மேல் வினிகர் ஊற்றிச் 'சமன்' செய்ய வேண்டாம். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15, 20 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. காரம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும், அமிலத்தை விட மோசம் என்று கண் மருத்துவர்கள் பயப்படுவது இதனால்தான்.

இதைவிடப் பயங்கரமான குறுக்குவழி ஒன்று உண்டு. லாரிகளின் அலுமினியச் சக்கரத்தையும் டேங்கையும் 'தொட்டால் வெளுக்கும்' என்று விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலமோ, அமோனியம் பைபுளோரைடோ இருக்கும். வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் நீர்த்த கரைசல் தோலில் பட்டால் உடனே வலிக்காமல்கூட இருக்கலாம். சில மணி நேரம் கழித்து வலி தொடங்கும்போது அது ஆழத்தில் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெரிய பரப்பில் பட்டால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இதற்கென்று தனி மருந்து, கால்சியம் குளுக்கோனேட் ஜெல், தேவைப்படும். ஒரு பீடிங்குக்காக இதை வீட்டுக்குள் கொண்டுவருவது முட்டாள்தனம். லேபிளில் இந்தப் பெயர்கள் இருந்தாலும், லேபிளே இல்லாமல் 'ஆசிட்' என்று பாட்டிலில் கொடுத்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, சட்டை போய்விட்டது. தண்ணீரில் நன்றாகக் கழுவியபின் பட்டை பளபளக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். சாம்பல் நிறமாக, சில சமயம் கறுப்பாகவே இருக்கும். காரத்தில் கரையாத மற்ற உலோகங்கள் பொடியாக மேலே தங்கிவிடுவதன் கறுப்பு அது. ஈரத் துணியும் ஸ்பான்ஜும் வைத்துத் தேய்த்தால் போய்விடும். மிச்சமிருக்கும் காரத்தை நீக்க, தண்ணீர் கலந்த வினிகரில் பட்டையை ஒருமுறை அலசி, திரும்பவும் தண்ணீர்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இத்தனையும் பட்டை வண்டியிலிருந்து கழற்றியபின் நடப்பவை. வண்டியிலேயே வைத்துக்கொண்டு காஸ்டிக் அடித்தால் பக்கத்தில் இருக்கும் பெயின்ட் உரியும்.

உப்புத்தாள், பொறுமை, திரும்ப உப்புத்தாள்

இப்போது கையில் இருப்பது மென்மையான, அம்மணமான அலுமினியம். ஒடுக்கு இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து, மரக்கட்டை மேல் வைத்து, சின்ன சுத்தியலால் தட்டித் தட்டி. வேகமாக அடித்தால் தகடு நீண்டு அலை அலையாகிவிடும். கை பழகாதவர்கள் இதை டிங்கரிங் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது.

பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், பட்டறைப் பாஷையில் வாட்டர் பேப்பர். ஆழமான குழி இருந்தால் 320, இல்லையென்றால் 400ல் தொடங்கி 600, 800, 1000, 1500, 2000 என்று ஏறுவார்கள். ஒவ்வொரு தாளின் வேலையும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பது மட்டும்தான். இதில் ஒரு பழைய டெக்னிக் உண்டு. ஒரு தாளை நீளவாக்கில் தேய்த்தால் அடுத்த தாளைச் சாய்வாகத் தேயுங்கள். பழைய திசையில் ஒரு கீறலும் தெரியாதபோதுதான் அடுத்த எண். "600ல இருந்து நேரா 1500 போயிடலாம்" என்று தாண்டினால், கடைசியில் பஃப் அடித்தபின் அந்தக் கீறல்கள் எல்லாம் பளபளப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். திரும்ப 600.

கீறல் போகப் போக ஏன் மின்னுகிறது? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒளி கண்டபடி சிதறும், நமக்கு மங்கலாகத் தெரியும். அதைவிட நன்றாகச் சிறியதாகிவிட்டால் ஒளி ஒழுங்காகத் திரும்பும், அதுதான் கண்ணாடி. சுத்தமான அலுமினியம் தன்மேல் விழும் ஒளியில் கிட்டத்தட்ட 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் இருக்கும் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி நட்சத்திர ஒளியைத் திருப்புவதும் மெல்லிய அலுமினியப் பூச்சால்தான். அங்கேயும் பூச்சு மங்கும், பழையதைக் கரைத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். டிரக் பீடிங்குக்கும் வானியலுக்கும் ஒரே தலைவலி.

2000க்குப் பிறகு பஃபிங். துணிச் சக்கரத்தில் முதலில் பழுப்பு நிறப் பாலிஷ் கட்டி, பிறகு வேறொரு சக்கரத்தில் வெள்ளை. சக்கரத்தை மாற்றாமல் கட்டியை மட்டும் மாற்றினால் பழைய சொரசொரப்பு கூடவே வரும். நீளமான மெல்லிய பட்டையைச் சுழலும் சக்கரத்தில் காட்டுவது பார்க்க ஈஸியாக இருக்கும், ஆனால் பட்டையின் மேல் ஓரத்தில் சக்கரம் பிடித்துவிட்டால் ஒரு நொடியில் பட்டையைப் பிடுங்கி மடக்கி எறியும். அதனால் பட்டையை அதே வடிவில் செதுக்கிய மரக்கட்டை மேல் இறுக்கிவிட்டு, சக்கரம் ஓரத்தை விட்டு வெளியே ஓடும் திசையில்தான் தேய்ப்பார்கள்.

தூசி விஷயத்தில் அலட்சியம் கூடாது. மெல்லிய அலுமினியப் பொடி காற்றில் கலந்தால் தீப்பிடிக்கும், அடர்த்தியாக இருந்தால் வெடிக்கும். இரும்பு தேய்த்த அதே மெஷினில் அலுமினியத்தைத் தேய்ப்பது இன்னொரு வம்பு. இரும்புத் துருவும் அலுமினியப் பொடியும் சேர்ந்தால் அது தெர்மைட், தண்டவாளத்தைப் பற்றவைக்கப் பயன்படும் கலவை. ஒரு பொறி விழுந்தால் போதும். இரண்டுக்கும் தனித்தனிச் சக்கரம், மூக்குக்கு மாஸ்க், வேலை முடிந்ததும் பொடியைக் கூட்டி அள்ளிவிடுவது என்பதெல்லாம் நல்ல பட்டறைகளில் சட்டம் மாதிரி.

பளபளத்தாச்சு, அப்புறம்?

இங்கேதான் முதலில் சொன்ன அந்த ஆறாவது மாதம் வருகிறது. மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றிலும் ஒரு விலை இருக்கிறது.

வெறும் உலோகமாகவே விட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ் போடுவது முதல் வழி. பளபளப்பு இதில்தான் அதிகம், வேலையும் இதில்தான் அதிகம். வண்டியை நிழலில் வைத்து, வாரக்கடைசியில் மட்டும் எடுத்து ஓட்டுபவர்களுக்குச் சரிப்படும்.

தெளிவான லாக்கர் அடித்துவிடுவது இரண்டாவது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்த பரப்பில் பெயின்ட் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. ஓரத்தில் ஒரு கல் பட்டு உரிந்தால் உள்ளே ஈரம் போய்ப் புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாக அரிக்கும். வெயிலில் சில ரகங்கள் மஞ்சளாகும். அதன்பிறகு லாக்கரை நீக்கி, திரும்ப எல்லாம் முதலிலிருந்து. இந்த மூன்றில் எனக்குப் பிடிக்காதது இதுதான்.

திரும்பவும் அனோடைஸ் செய்வது மூன்றாவது. தொழிற்சாலையில் நடந்ததையே மறுபடி செய்வது, அதனால் நீண்ட காலத்துக்கு இதுதான் சரியான பதில். காசு ஆகும், பாகம் கூரியரில் போய் வர வேண்டும். அனோடைசிங் எந்தக் குறையையும் மறைக்காது, தேய்க்காமல் விட்ட ஒவ்வொரு கீறலும் சட்டைக்கு அடியில் நிரந்தரமாகிவிடும். பட்டறைக்காரரிடம் முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வி, "அலங்கார வேலைக்கான பளபளப்பு அனோடைசிங் செய்வீர்களா, எத்தனை மைக்ரான்?" என்பது. இயந்திரப் பாகங்களுக்குச் செய்யும் கடின அனோடைசிங் தொட்டியில் போட்டுவிட்டால் பட்டை அடர் சாம்பல் நிறத்தில் திரும்பி வரும், இத்தனை நாள் தேய்த்ததும் வீண். வெல்டிங் செய்து ஒட்டுப்போட்ட இடம் இருந்தால் அங்கே மட்டும் நிறம் வேறாகத் தெரியும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பட்டையைத் திரும்ப மாட்டும்போது பழைய துருப்பிடித்த கிளிப்புகளை அப்படியே போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் கிளிப் கிடைத்தால் அது. எஃகு கிளிப்தான் பொருந்தும் என்றால் உலோகத்தோடு உலோகம் தொடாதபடி நடுவே நைலான் வாஷரோ, ரப்பர் துண்டோ, குறைந்தபட்சம் ஒரு பட்டை டேப்போ. அடியில் தண்ணீர் வெளியேறும் துளைகள் இருந்தால் அவை அடைந்திருக்கின்றனவா என்று குச்சி விட்டுப் பாருங்கள். முதல் வாட்டர் வாஷுக்கு விடும்போது, கடைக்காரர் கலக்கும் நுரையில் காஸ்டிக் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விடுங்கள்.